வாழப்பாடியில் கிரிக்கெட்: வந்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள்?

சேலத்தில் இருந்து ஆத்தூருக்குப் போகும் வழியில், ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள ஊர் வாழப்பாடி.

பெரிய பட்டணம் அல்ல. ஒரு தாலுகாவின் தலைநகர். ஒரு பஸ் நிலையம், ஒரு கடைவீதி. ஊரைத் தாண்டினால் பாக்குத் தோப்பும் குச்சிக்கிழங்குக் காடும். கொஞ்சம் தள்ளி அறுநூற்றுமலை.

வாழப்பாடி என்றால் வியாபாரிகளுக்குப் பாக்கு நினைவுக்கு வரும். தோப்பில் பறித்த காயை உரித்து, வேக வைத்து, களத்தில் காய வைத்து வெளியூருக்கு மூட்டை அனுப்புவார்கள். உரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். இதுதான் ஊரின் பழைய பெருமை.

இப்போது புதிய பெருமை ஒன்று சேர்ந்து இருக்கிறது. அதுதான் கிரிக்கெட்!

2020-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர், சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவரும் அப்போதைய முதல்-அமைச்சருமான எடப்பாடி பழனிசாமி. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் ராகுல் டிராவிட் விழாவுக்கு வந்திருந்தார். பாக்கு மூட்டை ஏற்றும் ஊருக்கு டிராவிட் வந்தது அதிசயம்தானே!

அதன் பிறகு 2022-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடந்தன. 2023, 2024, 2025 ஆண்டுகளிலும் நடந்தன. 2024-ம் ஆண்டுப் போட்டியின் முதல் ஆட்டமே ஜூலை 5-ந் தேதி இங்கேதான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அணியும் சண்டிகார் அணியும் மோதிய ரஞ்சிக் கோப்பை ஆட்டமும் இங்கே நடந்தது. அதில் தமிழ்நாடு வென்றது.

ஆட்டம் வந்தது. கூட்டமும் வந்தது.

வந்த கூட்டம் எங்கே சாப்பிட்டது? அந்தச் சாப்பாட்டுக் காசு யார் கைக்குப் போனது? ஊர்க்காரர் கைக்குப் போனதா, ஊரைத் தாண்டிப் போனதா? இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பது இல்லை. ஒரு சிறிய ஊருக்குக் கடைசியில் மிஞ்சுவது இந்தக் காசுதான்.

கிரிக்கெட்டுக்கு முன்பே ஆட்ட வெறி

சேலம் மாவட்டத்துக்கு விளையாட்டுப் பைத்தியம் கிரிக்கெட்டோடு வந்தது அல்ல.

வாழப்பாடிக்குக் கிழக்கே, ஆத்தூர் பக்கம் கூலமேடு என்று ஒரு ஊர். தை மாதம் வந்தால் அங்கே ஜல்லிக்கட்டு. சுற்றுவட்டாரமே அங்கே கூடிவிடும். சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தடை போட்டபோது காளை வளர்த்தவர்கள் கலங்கினார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். சட்டம் வந்தது. 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. காளைகள் மறுபடி வாடிவாசலுக்கு வந்துவிட்டன.

பொங்கல் முடிந்தும் கிராமத்துக்கு ஆட்டம் ஓயாது. கோவில் திருவிழா என்றால் விளக்குப் போட்டுக் கபடி. விடிய விடிய நடக்கும். கைப்பந்தும் உண்டு. அறுவடை முடிந்த காட்டில் டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடுவதும் உண்டு.

அந்த டென்னிஸ் பந்தில் இருந்துதான் ஒருவர் ஆஸ்திரேலியா வரை போனார். அவர் நடராஜன்.

சேலத்துக்கு மேற்கே உள்ள சின்னப்பம்பட்டி அவருடைய ஊர். ஏழைக் குடும்பம். அவருடைய தாயார் சாலை ஓரத்தில் சிறிய கடை போட்டுக் கோழிக்கறி விற்றார். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். நடராஜன் சென்னைக்குப் போய் லீக் ஆட்டங்களில் ஆடி, தமிழ்நாட்டு அணிக்கு வந்தார். வந்ததும் ஒரு சோதனை. அவர் பந்து வீசும் முறை சரி இல்லை என்று புகார் எழுந்தது. மனம் உடையாமல் முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

2020-ல் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியோடு போனார். வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர் அவர்! அங்கே ஒருவர் பின் ஒருவராக ஆட்டக்காரர்கள் காயம் அடைந்தார்கள். டிசம்பர் 2-ந் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்தில் இறக்கினார்கள். இரண்டு நாள் கழித்து 20 ஓவர் ஆட்டம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம் ஆன முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. ஊர் திரும்பியபோது சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள்.

பெயரும் பணமும் வந்த பிறகு அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? சொந்த ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023 ஜூன் மாதம் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார்.

இன்னொருவர் மாரியப்பன் தங்கவேலு. இவரும் சேலம் மாவட்டம்தான். ஊர் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுப் பிள்ளையைக் காப்பாற்றினார். 2016-ல் ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப்பதக்கம். டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிசில் வெண்கலம். மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லாமல் அவர் திரும்பவில்லை!

கோழிக்கறி விற்ற தாய் ஒருவர். காய்கறி விற்ற தாய் ஒருவர். சேலத்து விளையாட்டுப் பெருமைக்கு அடியில் இருப்பது இப்படிப்பட்ட சாலை ஓரக் கடைகள்தான். ஆகவே மைதானத்தைப் பற்றிப் பேசும்போது கடையைப் பற்றியும் பேசுவது பொருத்தமே.

"செட்" என்றால் என்ன?

வெளியூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் ரெயிலை விட்டு இறங்குகிறார். மாலை நேரம். பிள்ளைகளுக்குப் பசி.

சேலத்துக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். "செட் சாப்பிடுங்க!"

அது தட்டுவடை செட். சேலத்துக்கே உரிய தின்பண்டம்.

உள்ளங்கையில் அடங்கும் சின்னத் தட்டுவடை ஒன்றை எடுப்பார்கள். அதன் மேல் புதினா, கொத்தமல்லி அரைத்த பச்சைச் சட்னியைத் தடவுவார்கள். பிறகு காரமான சிவப்புச் சட்னி. துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் அதன் மேல் ஏறும். கடைசியில் இன்னொரு தட்டுவடையை மூடி போல வைத்து நீட்டுவார்கள். உடனே வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் நமுத்துப் போய்விடும். நமுத்த செட்டைத் தின்பது வீண்.

இதில் தினுசுகள் உண்டு. பூண்டு செட், முறுக்கு செட், மாங்காய் செட். எல்லாவற்றையும் நொறுக்கிக் காய்கறியோடு பிசைந்தால் அதற்குப் பெயர் "நொறுக்கல்". முட்டையை வேக வைத்து நறுக்கிச் சேர்த்தால் முட்டை நொறுக்கல்.

அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பகுதிகளில் அந்தி சாய்ந்தால் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அம்மாபேட்டையும் குகையும் நெசவாளர்கள் நிறைந்த பகுதிகள். தறியை விட்டு எழுந்து வருபவருக்கு நாற்காலி போட்டுச் சாப்பிட நேரம் ஏது? இரண்டு நிமிஷத்தில் தின்றுவிட்டுப் போகலாம். இலை வேண்டாம், மேஜை வேண்டாம்.

சொல்லப்போனால் ஆட்டம் பார்க்க வருபவருக்கும் இதைவிடத் தோதான பண்டம் கிடையாது!

வாழப்பாடிப் பக்கம் இரவுச் சாப்பாடு என்றால் பரோட்டாதான். தோசைக்கல்லில் மாவைத் தட்டும் சத்தமே பாதிப் பசியைக் கிளப்பிவிடும். பரோட்டாவுக்குத் துணை சால்னா. அதற்கும் துணை "கலக்கி". முட்டையை உடைத்து, சால்னா ஊற்றி அடித்து, கல்லில் ஊற்றி, முழுக்க வேகும் முன்பே சுருட்டி எடுத்துத் தட்டில் போடுவது கலக்கி. உள்ளே கொழகொழ என்று இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. பிடித்தவர்கள் ஒன்றோடு நிறுத்தமாட்டார்கள்.

முட்டைக்கு இங்கே பஞ்சம் இல்லை. தெற்கே நாமக்கல். அங்கே இருந்து லாரி லாரியாக முட்டை போகிறது.

ஜூன், ஜூலையில் ஆட்டம் நடந்தால் இன்னொரு லாபமும் உண்டு. மாம்பழக் காலம் அப்போது முழுதாக முடிந்திருக்காது. மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா... சேலத்து மாம்பழத்தைப் பற்றித் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது இல்லை.

ஆக, ஊரில் சாப்பாடு இருக்கிறது. வந்தவருக்குப் பசியும் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்தான் சங்கடம்.

ஒரு கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு 4 ஆயிரம் பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 4 லட்சம் ரூபாய். ஒரு வாரம் ஆட்டம் நடந்தால் 28 லட்சம் ரூபாய். இது ஒரு பேச்சுக்குப் போட்ட கணக்குத்தான். ஆனாலும் ஒரு சிறிய ஊரின் கடைவீதிக்கு எவ்வளவு வரக்கூடும் என்பது இதில் தெரிகிறது.

இந்தப் பணம் கடைவீதிக்கு வருகிறதா என்றால், வரும் வழியில் பல தடைகள்.

முதல் தடை, நேரம். 20 ஓவர் ஆட்டம் என்றால் ஒரு அணிக்கு 120 பந்து. இரவு ஆட்டம் 7 மணிக்கு மேல் தொடங்குகிறது. முடிவதற்கு 11 மணி நெருங்கும். கடைசி ஓவர் இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2023-ம் ஆண்டுப் போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. சேலம் அணியின் கேப்டன் முதல் இன்னிங்சின் கடைசிப் பந்தைப் போட வந்தார். நோ-பால், நோ-பால், மறுபடி நோ-பால், பிறகு வைடு. கடைசியில் சரியாகப் போட்டார். அதில் சிக்சர்! ஒரே ஒரு பந்தை முடிப்பதற்குள் 18 ரன் போய்விட்டது. இப்படி இழுத்து ஆட்டம் முடியும்போது பிள்ளைகள் தோளில் தூங்கிக்கொண்டு இருப்பார்கள். அந்த நேரத்தில் எந்தக் குடும்பம் கடை தேடிப் போகும்? வீட்டுக்குப் போகும் பஸ்சைத்தான் தேடும்.

அடுத்தது சாலை. சேலம்-உளுந்தூர்ப்பேட்டை நான்கு வழிச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. காரில் வருபவர் அதைப் பிடித்துவிட்டால் வாழப்பாடிக் கடைவீதியின் முகத்தைக் கூடப் பார்க்க வேண்டியது இல்லை. முன்பெல்லாம் சேலத்துக்கும் ஆத்தூருக்கும் போகும் வண்டிகள் ஊருக்குள் நின்று போயின. இறங்கியவர் ஒரு காபியாவது குடிப்பார். சாலை விரிந்தது, நேரம் மிச்சம் ஆனது. ஆனால் அந்தக் காபிக் காசு ஊரை விட்டுப் போனது. சாலை போட்டது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. விபத்து ஏற்பட்டால் ஆஸ்பத்திரிக்கு விரைந்து போக முடிகிறதே! ஆனாலும் காபிக் கடைக்காரரின் நஷ்டம் நஷ்டம்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, நாட்கள் குறைவு. ஆண்டுக்கு 365 நாள். அதில் பெரிய ஆட்டம் நடப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை நம்பி ஒரு பரோட்டாக் கடைக்காரர் இன்னொரு அடுப்பு வாங்குவாரா? இன்னொரு மாஸ்டரைச் சம்பளத்துக்கு வைப்பாரா? கூட்டம் வரும் என்று அதிகமாக மாவு பிசைந்து வைத்து, மழை பெய்து ஆட்டம் நின்றுவிட்டால், அந்த மாவை என்ன செய்வது? ஜூன், ஜூலையில் சேலம் பக்கம் சாயங்கால இடி மழை சகஜம். நஷ்டம் அவர் தலையில்தான் விழும்.

ஆகவே கடைக்காரர் வழக்கம்போல மாவு பிசைகிறார். வந்தவர் வழக்கம்போலப் பொட்டலம் வாங்குகிறார். பெரிய மைதானங்களில் பொதுவாக என்ன விற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றடைத்த பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல், பாட்டில் பானம். எந்த ஊருக்குப் போனாலும் அதே பொட்டலம், அதே பாட்டில்.

சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு. நடுவிலே உருளைக்கிழங்கு வறுவல்!

சீமையில் ஒரு ஸ்டிராபெர்ரி

இதை இங்கிலாந்துக்காரர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள்.

லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் பந்தயம் ஆண்டுதோறும் இரண்டு வாரம் நடக்கிறது. உலகம் முழுவதும் இருந்து பணக்காரர்கள் வருகிறார்கள். அங்கே புகழ் பெற்ற பண்டம் எது? கேக் அல்ல, கறி அல்ல. ஸ்டிராபெர்ரிப் பழத்தின் மேல் பாலாடை ஊற்றிக் கிண்ணத்தில் தருகிறார்கள். அவ்வளவுதான்!

அந்தப் பழம் வேறு தேசத்தில் இருந்து வருவது அல்ல. பக்கத்தில் உள்ள கெண்ட் என்ற மாவட்டத்துத் தோட்டங்களில் விளைவது. காலையில் பறித்து அன்றைக்கே கொண்டு வருகிறார்கள். விலையையும் ஏற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். 2010-ம் ஆண்டில் ஒரு கிண்ணம் இரண்டரை பவுன். அதே விலை 2024 வரை இருந்தது. 2025-ல்தான் 2 பவுன் 70 பென்னி ஆக்கினார்கள்.

டென்னிஸ் தெரியாதவருக்குக் கூட அந்தப் பழக் கிண்ணம் தெரியும். கெண்ட் விவசாயிக்கு அந்த இரண்டு வாரம் திருவிழா.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலா என்ற மலை ஊர். பனி மலைக்கு அடியில் கிரிக்கெட் மைதானம். 2013 ஜனவரியில் இந்தியாவும் இங்கிலாந்தும் அங்கே முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம் ஆடின. அங்கே போகிறவர்கள் ஆட்டம் பார்த்த கையோடு திரும்புவது இல்லை. திபெத்தியர்கள் வாழும் மெக்லியோட்கஞ்சுக்குப் போகிறார்கள். அங்கே மோமோ என்னும் கொழுக்கட்டையைத் தின்கிறார்கள். மைதானம் சும்மா இருக்கும் நாளிலும் அதைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள். காரணம், ஆட்டத்தோடு ஊரையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்துவிட்டது.

வாழப்பாடிக்குப் பனி மலை இல்லைதான். ஆனால் குச்சிக்கிழங்கு இருக்கிறதே!

சிலர் இதை மரவள்ளிக்கிழங்கு என்பார்கள். சேலத்தில் குச்சிக்கிழங்கு. கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவு படிய வைத்து, குருணையாக உருட்டினால் ஜவ்வரிசி. சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் வரை இந்தத் தொழில்தான். விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் வியாபாரிக்கும் நடுவில் நியாயம் வேண்டும் என்று 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு ஊர்ச் சரக்குக்குச் "சேலம் ஜவ்வரிசி" என்று பெயர் ஒட்டி விற்கக் கூடாது. சட்டத்தின் பாதுகாப்பு!

ஆனால் கிழங்கு விலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. இறங்கும் ஆண்டில் விவசாயி பிடுங்கும் கூலிக்கே கவலைப்படுகிறார்.

அந்தக் கிழங்கை மெல்லியதாகச் சீவி, எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் எப்படி இருக்கும் என்று சேலத்துக் குழந்தையைக் கேட்டால் சொல்லும். உருளைக்கிழங்கு வறுவலுக்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. ஜவ்வரிசி வடாம் இருக்கிறது. தட்டுவடை செட் இருக்கிறது. ஏந்துவதற்குத் தட்டும் உள்ளூரிலேயே இருக்கிறது. பாக்கு மரத்தில் இருந்து விழும் மட்டையைக் கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு ஆகிவிடும். 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. பாக்கு மட்டைத் தட்டுக்கு அன்றில் இருந்தே நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும். ஆனாலும் கடைகளில் பிளாஸ்டிக் தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பாக்குத் தோப்பு உள்ள ஊரில், பாக்கு மட்டைத் தட்டில், குச்சிக்கிழங்கு வறுவல். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஆட்டம் நடத்துகிறவர்கள் மைதானத்து வாசலில் பத்து இடத்தை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஒதுக்கினால் போதும். மழை பெய்து ஆட்டம் நின்றாலும் கிழங்கு வறுவல் மறுநாளைக்கு ஆகும். பரோட்டா மாவைப் போலக் கெட்டுப் போகாது!

பஸ் விஷயத்திலும் வழி இருக்கிறது. 2024-ல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஆட்ட டிக்கெட்டைக் காட்டி மாநகர பஸ்சில் இலவசமாகப் போக ஏற்பாடு செய்தார்கள். செலவை ஆட்டக்காரர் தரப்பு ஏற்றது. வாழப்பாடியில் இலவசம் கூட வேண்டாம். இரவு 12 மணிக்குச் சேலம் பக்கம் இரண்டு பஸ், ஆத்தூர் பக்கம் இரண்டு பஸ் நிச்சயம் உண்டு என்று முன்கூட்டியே தண்டோரா போட்டால் போதும். பஸ் பயம் நீங்கினால்தான் பசி நினைவுக்கு வரும்.

பந்து போடும் பையன் என்ன சாப்பிடுகிறான்?

வந்தவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியாயிற்று. ஆடுகிறவன் சாப்பாடு?

கிராமத்துப் பையன் ஒருவன் வேகப்பந்து வீச்சாளன் ஆக ஆசைப்படுகிறான். மூச்சு முட்ட ஓடி வந்து, முழுப் பலத்தையும் போட்டு எறிய வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை அல்ல, நூறு தடவை. இதற்குக் காலணியும் பந்தும் மட்டும் இருந்தால் ஆகாது. வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை மத்தியானச் சத்துணவு உண்டு. அதில் வாரத்துக்கு ஐந்து நாளும் முட்டை. 2022 செப்டம்பர் முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டமும் வந்தது. ஆனால் பையன் பத்தாம் வகுப்பைத் தாண்டி 16, 17 வயது ஆகும்போது, அந்த முட்டையும் நின்றுவிடுகிறது. அப்போதுதான் அவனுக்கு அதிகமான சாப்பாடு தேவை. பயிற்சிக்கு வரும் பஸ் கட்டணம், காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் கூலிக்குப் போகும் தகப்பனாருக்குத் தலை சுற்றும். சின்னப்பம்பட்டிப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் வாழப்பாடிக்கு வர வேண்டும் என்றால் சேலத்தைத் தாண்டி வர வேண்டும். போக வர ஒரு நாள் பொழுது போய்விடும்.

நடராஜனின் தாயார் அந்தச் சாலை ஓரக் கடையை நடத்தி இருக்காவிட்டால் என்ன ஆகி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பையன்கள் அப்படி ஒரு கடை இல்லாததால் பாதியில் நின்று, லாரி ஏறிவிட்டார்கள்?

நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரும் ஏழைப் பையனுக்குத் தினம் இரண்டு முட்டையும் ஒரு வேளைச் சோறும் கொடுப்பது பெரிய செலவு அல்ல. ஆட்டம் நடக்கும் ஒரு வாரத்தில் வாசல் கடைகளுக்கு வாடகை வாங்கினால், அந்த வாடகையே ஆண்டு முழுவதும் முட்டைக்குக் கணிசமாக உதவும். மைதானத்துக்காரர்களும் ஊர்ப் பிரமுகர்களும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய காரியம்.

போகிறவர்களுக்கு

வாழப்பாடியில் இனி ஆட்டம் நடக்கும்போது குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் ஒன்று செய்யலாம்.

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு நேரே மைதானத்துக்குப் போகாமல், 4 மணிக்கே வாழப்பாடி பஸ் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். சேலம்-விருத்தாசலம் ரெயில் பாதையில் வாழப்பாடி கேட் என்ற நிலையமும் இருக்கிறது. ரெயில் நேரம் ஒத்து வந்தால் பிள்ளைகளுக்கு அது இன்னும் குஷி. கடைவீதியில் நடந்து போங்கள். பாக்குக் காய வைத்திருக்கும் களத்தைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெற்றிலையோடு போடும் பாக்கு எப்படி ஆகிறது என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டை 6 மணிக்கே முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பரோட்டாக் கடையில் கல் சூடாகி இருக்கும், கூட்டம் இருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இட்லி கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சால்னா காரம் அவர்களுக்கு ஆகாது. குடிக்கத் தண்ணீர் வீட்டில் இருந்தே கொண்டு வந்தாலும், மைதானத்துக்குள் எதைக் கொண்டு போகலாம், எதைக் கூடாது என்று வாசலில் விசாரித்துக்கொள்வது நல்லது. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிலையத்தில் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து இருட்டில் நின்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

தட்டுவடை செட்டை மட்டும் பொட்டலம் கட்டி வாங்க வேண்டாம். கடை வாசலிலேயே நின்று தின்றுவிடுங்கள்.